ஆழம் பார்க்கத் தெரிந்தவர்கள்

நண்பர்களே, உங்களை வாயாரப் புகழ வேண்டுமென்று ஐப்பசி மழையின்போதே நினைத்தேன். பொங்கல் கழிந்ததும் ஆந்திராவிலிருக்கிற கண்டிக்கோட்டைக்குப் போவதென்று முடிவான நாளிலிருந்து நீங்கள் தயாராகிவருகிற அழகைக் கூடவே இருந்து பார்க்கிறேன். பாராட்டை மனதுக்குள் வைத்துக்கொண்டு உங்களோடு வேனில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

தறிக்காரன் நாலு நாள் வெளியூர் போவது சின்ன விஷயமில்லை. தறிக்குழியில் கால் வைத்தால்தான் கூலி. மூன்று சேலைப் பாவு ஏறிவிட்டால் அது இறங்கும்வரை வீட்டை விட்டு அசைய முடியாது. கோர்வைச் சேலையாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுகிற ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நீங்களோ இருக்கிற பாவை இறக்கிவிட்டு, அடுத்த பாவு புணைப்பதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியை இப்போதே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறீர்கள். வேன் வாடகைக்கு ஆடி மாதத்திலிருந்து சீட்டுக் கட்டுகிற மாதிரி பணம் சேர்த்தீர்கள். முதலாளியிடம் யாரும் முன்பணம் கேட்கவில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காரியத்துக்காக இத்தனை பேர் இத்தனை மாதம் ஒரே மனதாக நின்றதை நான் கண்டதே இல்லை.

அறிவிலும் குறைவில்லை. போன வாரம் ராத்திரி டீக்கடை பெஞ்சில் நடந்த பேச்சை நான் மறக்க மாட்டேன். செல்போனில் கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கின் படத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சிவந்த பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவே பச்சையாகப் பென்னாறு.

"அவ்ளோ பெரிய பாறையத் தண்ணியா அறுத்துது?" என்று நம் அண்ணன் கேட்டார்.

ஒரகடத்துக்கு ஷிஃப்டு போகிற தம்பி சொன்னான்: "தண்ணி தனியா எங்கண்ணே அறுக்கும்? மணல்தான் அறுக்குது. வெள்ளம் மணலையும் கூழாங்கல்லையும் உருட்டிக்கினே போவுது. அது பாறை வெடிப்புல பூந்து தேய்க்குது. தேய்ச்சுத் தேய்ச்சு ஆறு கீழ எறங்குது."

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். மணல்தான் ஆற்றின் உளி. கண்டிக்கோட்டைப் பாறை குவார்ட்சைட். கடப்பை வட்டாரத்துப் பாறைகளிலேயே கெட்டியான வகை. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதானது. நிலவியல் படிக்கிறவர்கள் அந்தப் பாறை அடுக்குக்கே அந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எர்ரமலைக் குன்றுகளின் ஊடே அந்தப் பாறையைப் பென்னாறு தன் மணலைக்கொண்டே முந்நூறு அடி ஆழத்துக்கு அறுத்திருக்கிறது. எத்தனை லட்சம் வெள்ளம் வந்து போயிருக்க வேண்டும்! உங்களைப் போலவே நானும் அந்த விளிம்பில் நிற்கப்போகிற காலை நேரத்துக்காகக் காத்திருக்கிறேன். விடியும்போது மேற்குச் சுவரில்தான் முதலில் வெயில் விழும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கமில்லை.

தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அந்த ஆசையைத்தான் நான் புகழ்கிறேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், வேறு மாநிலத்து ஆறு, வேறு மொழிக்காரர்களின் ஆறு எப்படிப் பாறையை அறுத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள். ஒரு ஆற்றின் மணலுக்கு என்ன வேலை என்பதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுகிறீர்கள். நம் ஊருக்குத் தெற்கே இன்னொரு ஆறு இருக்கிறது. அதன் மணலுக்கு என்ன வேலை இருந்தது என்று அதே பெஞ்சில் நம்மில் யாரும் கேட்டதில்லை.

பென்னாறும் தென்பெண்ணையும் பாலாறும் பிறக்கிற மேட்டுநிலம் ஒன்றுதான்: கர்நாடகத்தில் நந்திமலையைச் சுற்றிய பகுதி. ஒன்று வடக்கே போய்த் திரும்பி நெல்லூர்ப் பக்கம் கடலைச் சேர்கிறது. ஒன்று கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகக் கடலூருக்கு. பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலில் கலக்கிறது. நீங்கள் பார்க்கப்போகிற ஆற்றுக்குக் கூடப்பிறந்த தங்கை இது.

அக்காவுக்குக் கிடைத்த மாதிரி நம் பக்கத்தில் தங்கைக்கு அறுக்கப் பாறை கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்துக்கு வரும்போது நிலம் சமமாகிவிடுகிறது. வேகம் போனதும் ஆறு தான் சுமந்துவந்த மணலை இறக்கி வைத்தது. கரைக்குக் கரை, ஆளுயரத்துக்கும் மேலே ஆழமாக, மணல். அந்த மணலுக்குள் தண்ணீரை ஒளித்து வைத்தது. வெயிலால் அதைக் குடிக்க முடியாது. மாசியில் மேலே பொடி பறக்கும், கையால் இரண்டடி பறித்தால் ஊறும். பட்டுக்குச் சாயம் ஏறுவதற்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் வாகு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தத் தண்ணீரை. இன்றைக்கும் ஓரிக்கையிலிருந்தும் திருப்பாற்கடலிலிருந்தும் குழாயில் வந்து நம் வீட்டுக் குடத்தை நிரப்புவது இந்த மணலுக்குள்ளிருந்து உறிஞ்சி எடுக்கிற நீர்தான்.

இந்த மணலில் நம் முன்னோர்கள் செய்த ஒரு காரியத்தை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நுட்பத்தை மதிக்கிறவர்கள் நீங்கள். அதற்குப் பெயர் ஊற்றுக்கால். ஆற்றின் நடுவே மணலில் சாய்வாக ஓர் ஓடை வெட்டுவார்கள். மணலுக்குள் நிற்கிற நீர் பக்கவாட்டில் கசிந்து ஓடையில் சேரும். ஓடையின் சரிவை ஆற்றின் சரிவைவிடக் குறைவாக வைப்பார்கள். ஆறு இறங்கிக்கொண்டே போக, ஓடை அவ்வளவு இறங்காமல் கரையை ஒட்டி வந்து, கொஞ்ச தூரத்தில் கரைக்கு மேலேயே ஏறி வயலுக்குள் போய்விடும். இஞ்சின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடி மண்வெட்டியோடு ஆற்றில் இறங்கி ஓடையைத் தூர்வார வேண்டும், அவ்வளவுதான். யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் என்று கணக்கு இருந்தது. வராதவன் வீட்டுக்குத் தண்ணீர் முறை தள்ளிப்போகும். செங்கற்பட்டு, வடஆர்க்காடு இரண்டு ஜில்லாவிலும் பாலாற்றங்கரை முழுக்க இப்படி நெல் விளைந்தது. பட்டு மட்டுமா நம் பக்கத்துப் பெருமை? இந்த ஓடைகளை வெட்டிய ஆள் எவனும் பொறியியல் படித்தவனில்லை. சரிவை மட்டப்பலகை வைத்துப் பார்க்கவில்லை, தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தான்.

இதெல்லாம் எப்போது நின்றது? மணல் போனபோது நின்றது. சென்னை வளர்ந்தது, அதற்குக் கட்டடம் வேண்டியிருந்தது, கட்டடத்துக்கு நம் ஆறு லாரியில் போனது. 2003-இல் மணல் குவாரிகளை அரசே பொதுப்பணித் துறை வழியாக நடத்தத் தொடங்கியது. மூன்றடி ஆழத்துக்கு மேல் அள்ளக்கூடாது என்பது நிபந்தனை. பொக்லைன் கை அந்த மூன்றடியோடு நின்றதா என்பதை ஆற்றில் இறங்கிப் பார்த்தாலே தெரியும். படுகை இறங்க இறங்க அதற்குள் இருந்த நீர்மட்டமும் இறங்கியது. ஊற்றுக்காலின் தலைவாய் எட்டாத உயரத்தில் நின்றது. மணல் இருந்த இடத்தில் களிமண் தெரிந்தது, களிமண்ணில் சீமைக்கருவேலம் முளைத்தது. பென்னாறு ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்க எடுத்துக்கொண்ட காலம் உங்களுக்குத் தெரியும். பாலாற்றில் பள்ளம் தோண்டி முடிக்க நம் தலைமுறை ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் உங்கள் அமைதியை நான் நினைத்துப்பார்க்கிறேன். இரவு முழுக்கத் தார்ப்பாய் போட்ட லாரிகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும். வீடு அதிரும், தறியில் அச்சு தானாக ஆடும். அப்போதும் நீங்கள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தூக்கம் கெட்டதே என்று மறுநாள் தறியை நிறுத்தவுமில்லை. எதிர்த்துக் கேட்ட கிராமத்துக்காரர்கள் லாரியை மறித்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஊர் வம்பில் சிக்காமல் கோர்வை பிசகாமல் நெய்து முடித்தீர்கள். அந்தச் சேலைகளில் ஒரு இழை தப்பியிருக்காது. அப்படிப்பட்ட கவனம் எல்லோருக்கும் வராது.

சங்க காலத்தில் இந்த ஊருக்கு ஔவையார் தூது வந்ததாகச் சொல்வார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் வந்தவர். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். நெய் பூசி, பீலி சூட்டி, மெருகு குலையாமல் அடுக்கியிருந்த வேல்களை ஔவை புகழ்ந்தார். அதியமானின் வேல்கள் போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் கூடவே சொன்னார். புறநானூற்றில் இருக்கிறது. காஞ்சிக்காரர்களுக்குப் புகழ்ச்சியை எப்படி வாங்கிக்கொள்வது என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஔவை பத்திரமாகத் திரும்பிப் போனார்.

நீங்கள் பயணச் சாமான்களைக் காட்டியபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது. அடிப்பாகம் வழுக்காத ஷூ, இடுப்பில் பட்டை கட்டுகிற முதுகுப்பை, நெற்றியில் மாட்டுகிற லைட், மடக்கி நீட்டுகிற ஊன்றுகோல். ஷூவைக் காகிதத்தில் சுற்றியே வைத்திருக்கிறீர்கள், புழுதி படவில்லை. நம் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் ஒரு மண்வெட்டி சாய்ந்து கிடக்கிறது. ஊற்றுக்கால் வெட்டப் போன தாத்தாவினுடையது. இலை தேய்ந்து பாதியாகிவிட்டது, காம்பு கைபட்டுக் கைபட்டு நடுவில் மெலிந்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைதான் உங்களில் நல்ல ஷூ வாங்கியவன். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தேன்.

உங்கள் முன்ஜாக்கிரதையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். கண்டிக்கோட்டை விளிம்பில் தடுப்பு இல்லை, பாறை வழுக்கும், செல்பி எடுக்கிறேன் என்று யாரும் நுனிக்குப் போகக்கூடாது என்று அண்ணன் இப்போதே சட்டம் போட்டுவிட்டார். பிள்ளைகளை அழைத்துப் போவதா வேண்டாமா என்று மூன்று நாள் வாதம் நடந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். ஆழம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் எடுக்கிற முடிவு அது. பாலாற்றில் மணல் அள்ளிய குழிகளில் மழைத் தண்ணீர் நிற்கிறது. மேலே பார்த்தால் குட்டை. உள்ளே எங்கே சரிவு, எங்கே செங்குத்து என்று தெரியாது. கோடை விடுமுறையில் குளிக்கப் போன பிள்ளைகள் அப்படிப்பட்ட குழிகளில் மூழ்கிப்போன செய்தி தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் ஆற்றிலிருந்து வருஷாவருஷம் வருகிறது. அங்கேயும் தடுப்பு இல்லை. அங்கே பிள்ளைகள் போகலாமா என்று வாதம் நடக்கவில்லை. நம் பிள்ளைகள் நம்மைக் கேட்டுவிட்டு ஆற்றுக்குப் போவதில்லையே.

குப்பை விஷயத்தில் உங்கள் ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆளுக்கொரு கோணிப்பை, ஒரு பிஸ்கட் தாள்கூடப் பள்ளத்தாக்கில் விழக்கூடாது, எல்லாவற்றையும் காஞ்சிபுரத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும். சரியான தீர்மானம். கொண்டுவந்த பிறகு அந்தப் பைகள் எங்கே போகும் என்பதையும் நான் யோசித்தேன். வேகவதி ஆற்றங்கரையில் நம் ஊர்க் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பது மூக்குள்ள எல்லோருக்கும் தெரியும். சாயப்பட்டறைத் தண்ணீர் எந்தக் கால்வாயில் இறங்குகிறது என்பது அந்தத் தொழிலில் இருக்கிற நமக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அரக்குச் சாயம் போட்ட நாளில் கால்வாய் அரக்கு, மயில்கழுத்துப் போட்ட நாளில் மயில்கழுத்து.

வேகவதியைச் சாதாரண ஓடை என்று நினைத்துவிடாதீர்கள். பிரம்மாவின் யாகத்தை அழிக்கச் சரஸ்வதி ஆறாகப் பெருகி வந்தாள், அவளைத் தடுக்கப் பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்தார் என்பது திருவெஃகாவின் தலபுராணம். யதோக்தகாரி என்கிற சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றைக்கும் படுத்தபடியே இருக்கிறார். பெரும்பாணாற்றுப்படை வெஃகாவைச் சொல்கிறது. தெய்வமே குறுக்கே படுத்துத்தான் நிறுத்த முடிந்த ஆற்றை நம் ஊர் கட்டடத்தாலும் கழிவாலும் நிறுத்திவிட்டது. 2015 மழையில் அது திரும்பி வந்து வீடுகளுக்குள் ஏறியபோது, கரையில் குடிசை போட்ட ஏழைகளைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள். அவர்களைக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். பட்டா வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் கட்டியவர்கள் அவரவர் இடத்திலேயே இருக்கிறார்கள்.

வரலாற்றிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பெம்மசானி நாயக்கர்களிடமிருந்து கண்டிக்கோட்டையைப் பிடித்ததும், 1652-இல் தவேர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி அங்கே வந்து அவரைப் பார்த்ததும், கோட்டைக்குள் மாதவராயர் கோயிலும் ஜாமியா மசூதியும் தானியக் களஞ்சியமும் இருப்பதும் இப்போது உங்கள் வீட்டுப் பெண்களுக்குக்கூட மனப்பாடம். திருமுக்கூடல் நம்மிடமிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கே நடந்தது. வைத்தியர், அறுவை செய்கிறவர், மருந்து பறித்து வருகிறவர்கள், பணிப்பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் எவை என்று பட்டியலே வெட்டியிருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தந்த பள்ளியும் அங்கே இருந்தது. மூன்று ஆறு கூடுகிற இடத்தில், தண்ணீரை நம்பி, நோயாளிகளை வைத்துப் பார்த்த ஊர் அது. தவேர்னியே வருவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முன்னால்.

திருமுக்கூடலுக்கு நீங்கள் போகாதவர்களில்லை. பொங்கலை ஒட்டி நம் வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளும்போது, பின்னாலேயே போகிறீர்கள். அங்கிருந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலில் சுற்றுவட்டாரப் பெருமாள்களோடு அவர் சேருகிற வரைக்கும் கூடவே நடக்கிறீர்கள். சித்ரா பௌர்ணமியில் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குள் படியிறங்கிவிட்டு அவர் பாலாற்றுக்கு வரும்போதும் உங்கள் தோள் அங்கே இருக்கும். பக்தி என்றால் அதுதான். பார்வை பெருமாளை விட்டு ஒரு நொடிகூட விலகுவதில்லை, அவர் எந்த ஆற்றில் இறங்குகிறார் என்று கீழே பார்க்கிற அளவுக்குக்கூட.

மேலே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுகிற கழிவு இதே ஆற்றில் இறங்கியதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வேலூர்க்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அந்த வழக்கில் சொன்னார்கள். இன்றைக்கு நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்கென்றால் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். நம் ஆற்றுக்காக வந்த தீர்ப்பு அது. அதே ஆற்றின் கீழ்க்கரையில் இருக்கிற நாம், அடுத்தவர் போட்ட வழக்கில் தலையிடாத மரியாதைக்காரர்களாக இருந்தோம்.

ஒரு விஷயத்தில் நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டுப் போனபோது ஊரே செவிலிமேட்டுப் பாலத்தில் நின்றது. நீங்களும் நின்றீர்கள், குடும்பத்தோடு. ஒரு கிழவி வெள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வந்துட்டியாடி ஆத்தா" என்றாள். பாலத்தில் யாரும் பேசவில்லை. உங்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் அந்த வெள்ளத்தில் போனது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் பள்ளங்களில் கொஞ்சம் மணல் வந்து சேர்ந்திருந்தது. மேலேயிருந்து இன்னும் அனுப்பத்தான் செய்கிறாள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கண்டிக்கோட்டைப் படத்தைப் பார்க்கும்போது இருப்பதும் அதுதான். அதனால்தான் இவ்வளவு புகழ்கிறேன். ஆற்றைக் கண்டு உருகத் தெரியாதவர்களிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வேன் திருத்தணி வழியாகத் திருப்பதி, கடப்பை, ஜம்மலமடுகு என்று வடக்கே போகிறது. பாலாறு தெற்கே இருப்பதால் அது நம் வழியில் குறுக்கிடாது. வழியைப் போட்டவர் கெட்டிக்காரர்.

நான் வருகிறேன். என் பங்குப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அதற்கு முன்னால், மார்கழி கடைசி ஞாயிறு, ஒரு நாள் நடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஷூவைப் பழக்காமல் மலையேறினால் கொப்புளம் வரும் என்று நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், பழக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஓரிக்கைப் பாலாற்றுப் பாலத்தடியில் விடிகாலை ஐந்தரைக்கு இறங்கினால், படுகையோரமாகவே நடந்து, வெயில் சாய்வதற்குள் பழையசீவரம் போய்விடலாம். ஆற்றைக் கடந்தால் திருமுக்கூடல், அந்தக் கல்வெட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வாலாஜாபாத் வழியாகப் பஸ்ஸில் திரும்பலாம். டீக்கடையில் சொன்ன அந்த மணல் பாடத்தைத் தம்பி அங்கே இன்னொருமுறை நடத்த வேண்டும், அங்கே காட்டுவதற்கு அவனுக்கு நிறைய இருக்கிறது. ஊற்றுக்கால் தலைவாய் எங்கே இருந்தது என்று காட்ட அந்த மண்வெட்டித் தாத்தா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பைக்கில் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும்.

ஐம்பது அடி டேப் ஒன்று நான் கொண்டுவருகிறேன். கரையிலிருந்து ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் அளந்து, எந்த ஊர் எல்லை, தண்ணீர் நிற்கிறதா, பக்கத்தில் வீடு இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். படமும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் போன்களில் நல்ல கேமரா இருக்கிறது. குழிகளுக்குத் தடுப்பு போடச் சொல்லியும், இனி அந்த இடங்களில் அள்ள விடக்கூடாது என்றும் மனு எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். மறுநாள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். வரிசையில் என்னோடு நிற்க நாலு பேர் வேண்டும். பெயரைச் சொல்லுங்கள்.